கேட்காத நாலு கம்பி

நவ. 4, ஞாயிறு

விடியற்காலை மழை. ஆராதனை முடிவதற்குள் சுள்ளென்று வெயில். சர்ச் காம்பவுண்டு முழுக்கச் சேறு, சேறு முழுக்கச் செருப்பு. அறுப்பின் பண்டிகை. பூசணிக்காய் ஏலம், வாழைத்தார் ஏலம், மம்மி சுட்ட அச்சு முறுக்கு ஏலம். நடுநடுவே எங்கள் வாசிப்பு.

மேடையில் நால்வர். லீட் கிதாரும் முக்கியப் பாட்டும் விக்டர் அண்ணா (இனி வி.அ., முழுப் பெயர் எழுதக் கை வலிக்கிறது. பாங்கில் கிளார்க், எங்கள் குழுவுக்குத் தலைவர், மனதுக்குள் கவர்னர்). கூடப் பாடுவது ஸ்டெல்லா அக்கா. டிரம் மோகன், பி.யூ.சி.யில் என் பெஞ்ச்மேட். பேஸ் கிதார் எட்வின், அதாவது இந்த நோட்டின் சொந்தக்காரன்.

மைக் செட் அண்ணன் வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டினார். வி.அ.வின் கிதார் அதில் தகரத்தைச் சுரண்டுவது போல் தாம்பரம் சானடோரியம் வரைக்கும் கேட்டிருக்கும். என் பேஸ்? ஒயருக்குள் போனது தெரியும். வெளியே வந்ததற்குச் சாட்சி இல்லை.

"அண்ணே, பேஸ் கேக்கவே இல்லையே?"

"தம்பி, இது கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் கட்டற கொயா. கீச்சுக் கொரலா இருந்தா ஊரே கேக்கும். குண்டு சத்தம் இதுல வராது. நீ இன்னா பண்ற, குண்டாவே வாசிச்சிகினு கீற!"

இன்று என்னைப் பற்றிப் பேசப்பட்டவை:
- "விக்டர் நல்லா வாசிக்கிறான். பக்கத்துல நிக்கிற பையன் யாரு, ஒயரைப் பாத்துக்கிறவனா?"
- பாஸ்டர் ஐயா: "எட்வின், கை சும்மாதானே இருக்கு, இந்தக் கோழியைக் கொஞ்சம் பிடி." பிடித்தேன். ஏலம் முடியும் வரை. கோழியின் குரல் மைக்கில் என் பேஸைவிட நன்றாகக் கேட்டது.
- ரோஸி ஆன்ட்டி: "எல்லாருக்கும் ஆறு கம்பி, உனக்கு மட்டும் ஏம்பா நாலு?" "அறுப்பின் பண்டிகை இல்லையா ஆன்ட்டி, ரெண்டை அறுத்துட்டோம்." நம்பிவிட்டார். புதுக் கம்பிக்குக் கமிட்டியில் சொல்கிறேன் என்றார். பாவம்.

பேஸ் வாசிப்பவனுக்கு ஃபேஸ் கிடையாது. சொன்னது நான். வாழ்க.

நவ. 6, செவ்வாய்

தூறல். கெமிஸ்ட்ரி ரெக்கார்ட் எழுதவில்லை. மாலை பாரிஷ் ஹாலில் பிராக்டிஸ்.

என் பேஸின் ஜாதகம், பிற்காலச் சரித்திர ஆசிரியர்களுக்காக. கழுத்தும், கம்பிச் சத்தத்தை ஒயருக்கு அனுப்பும் பிக்கப்பும் ரயில்வே காலனி டெரிக் விட்டுப்போனவை. குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும்போது அவனுடைய பேஸின் உடம்பு பிளந்துவிட்டிருந்தது, மிச்சத்தை எனக்குத் தந்தான். புது உடம்பு, சர்ச்சின் பழைய பெஞ்சுப் பலகை. ஊரே உட்கார்ந்து தேய்த்த பலகை என்பதால் அடிப்பகுதிச் சத்தம் அதில் நன்றாக வருவதில் ஆச்சரியமில்லை. கம்பிகள், பட்டணத்து ஹோட்டல் பாண்ட்காரர் ஒருவர் கழற்றிப் போட்டவை. புதுக் கம்பி இங்கே எந்தக் கடையிலும் கிடையாது. ஆம்ப்ளிஃபயர், ஹாலில் இருக்கும் பழைய பெட்டி ஸ்பீக்கர். அதில் பேஸ் ஜலதோஷம் பிடித்த மாதிரி வரும். ஆனால் வரும்.

இன்றைய குறும்பு: இரண்டாவது பாட்டுக்கு முன் என் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். விரல் மட்டும் ஓடியது. தலையை ஆட்டினேன், கண்ணை மூடினேன், உதட்டைக் கடித்தேன். உலகத்தரமான ஊமை வாசிப்பு. யாராவது திரும்பிப் பார்ப்பார்கள், "டேய் எங்கடா பேஸ்" என்று கத்துவார்கள், நான் ஒயரைத் தூக்கிக் காட்டுவேன் என்று திட்டம்.

பாட்டு முடிந்தது. வி.அ. என் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்குத்தான்டா பேஸ் கரெக்டா உக்காந்துச்சு. இப்படியே வாசி."

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். பாதியில் மூடிக்கொண்டேன். சொன்னால் வி.அ. அசடு வழிவார், உண்மை. ஆனால் அதற்கு அடுத்த நிமிஷம் "அப்ப பேஸ் எதுக்கு?" என்பார்.  நானே வெட்டி, நானே விழுந்த குழி. உள்ளே வசதியாகத்தான் இருக்கிறது, ஏற ஏணி இல்லை.

பிறகு வி.அ. பெரிய செய்தி சொன்னார். பட்டணத்திலிருந்து ரெக்கார்டிங்காரர் ஒருவர் பதினேழாம் தேதி வருகிறார். கிறிஸ்துமஸுக்கு ரேடியோ நிகழ்ச்சி. ஸ்பூல் டேப்பில் வி.அ. எழுதிய பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போவார். அது சிலோன் பக்கமிருந்து ஒலிபரப்பாகும். ஸ்டெல்லா அக்கா கீச்சென்று கத்தி, உடனே தொண்டை கெட்டுவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மோகன் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றான்.

நான் டெரிக்கை நினைத்தேன். ஆஸ்திரேலியாவில் அந்த ஸ்டேஷன் எடுக்குமோ என்னவோ.

நவ. 7, புதன்

வெயில். கம்பி பழசானால் சத்தம் மந்தமாகும், வெந்நீரில் போட்டு எடுத்தால் அழுக்குப் போய்ப் பளிச்சென்று வரும். டெரிக் சொன்ன வைத்தியம். மம்மி கடைக்குப் போன நேரம், நாலு கம்பியையும் சுருட்டி, இட்லிப் பானையில், சோடா உப்போடு கொதிக்கவைத்தேன்.

மம்மி சீக்கிரம் திரும்பிவிட்டாள். மூடியைத் திறந்தாள்.

"ஏசுவே! பாம்பு!"

"பாம்பு இல்ல மம்மி, கம்பி. இன்னிக்கு நூடுல்ஸ்."

கரண்டியால் ஒன்று. முதுகில். பானையைப் புளி போட்டு மூன்று தடவை தேய்த்தேன். இரவு இட்லியை டாடி விண்டு பார்த்து, "இரும்புச் சத்து நல்லதுதான்" என்றார்.

கம்பி பளிச். நாளை பார்க்கலாம்.

நவ. 10, சனி

காற்று, மழை, கரண்ட் இரண்டு தடவை போனது.

வி.அ.வின் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேஸட் ரெக்கார்டர். செங்கல் அளவு. அதை ஹால் நடுவில் நாற்காலிமேல் வைத்து ஒத்திகைப் பதிவு. முதலில் எல்லோரும் நாற்காலியைச் சுற்றி முட்டிமோதிக்கொண்டார்கள். எங்கள் சர்ச்சில் மைக்குக்குக் கிட்டே நிற்பதுதான் மரியாதை. கொயர் பாட்டுக்குழுவில் அந்த இடத்துக்காக இரண்டு குடும்பம் பேசாமல் இருக்கிறது. வி.அ. கிட்டே, ஸ்டெல்லா அக்கா அதைவிடக் கிட்டே. நானும் மோகனும் பின்னால்.

பாட்டு முடிந்ததும் அதே செங்கல்லில் போட்டுக் கேட்டோம். வி.அ.வின் கிதார் பிசிறில்லாமல். ஸ்டெல்லா அக்கா மணி மாதிரி. மோகன், யாரோ தீப்பெட்டியைக் குலுக்குவது மாதிரி. பேஸ்: பூஜ்யம். புளி போட்டுத் தேய்த்த பூஜ்யம்.

வி.அ. இன்னொரு தடவை போட்டார். காதை ஒட்டவைத்துக் கேட்டார். பிறகு என்னை உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னால் விஷயம் மோசம்.

"எட்வின், கோவிச்சுக்காத. பேஸ் கேக்கலடா."

"உங்களுக்குப் பேச்சுதான் அண்ணா கேக்கும், பேஸ் கேக்காது."

"இதான், இந்த வாய்தான் எனக்கு வேணாம். ரேடியோவுக்குப் போற பாட்டு. ஒரே ஒரு மைக். அதுல கேக்காத ஆளை நிக்கவச்சு என்ன பண்றது? நீ அன்னிக்கு டாம்பரின் அடி. சலங்கைச் சத்தம் சூப்பரா விழும்."

"அன்னிக்கு மட்டுமா?"

"அப்புறமும் பாக்கலாம். டாம்பரினுக்கு ஒயர் வேணாம், பெட்டி வேணாம், பிரச்சனையே இல்ல."

தாம்பரத்தில் பிறந்தவனுக்கு டாம்பரின். சொல்லிச் சிரித்தேன், எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து எழுதும்போது சிரிப்பு வரவில்லை. டாம்பரினை இடுப்பில் தட்டிக்கொண்டு ரேடியோவுக்குள் போவதா? பெஞ்சுப் பலகையை என்ன செய்வது? திரும்பப் பெஞ்சாக்கி உட்காருவதா?

ஹாலை விட்டுக் கிளம்புமுன் வி.அ.விடம் கேட்டிருந்தேன்: "பதினேழுக்குள்ள பேஸ் கேக்கற மாதிரி பண்ணிட்டா?"

"பண்ணு. அப்ப பேசலாம்." ஒரு வாரத்துக்கு அந்தச் செங்கல்லையும் கேஸட்டையும் கேட்டு வாங்கி வந்தேன்.

நவ. 11, ஞாயிறு

மழை விட்டது. ஆராதனைக்குப் பிறகு டாடியும் மம்மியும் குரோம்பேட்டை சித்தி வீடு. வீட்டில் நானும் தங்கை பியூலாவும் டாடியின் ரேடியோவும்.

அந்த ரேடியோ: மரப்பெட்டி, முன்னால் துணி, உள்ளே வால்வு. சூடாக ஒரு நிமிஷம். முதுகில் கிராமபோனுக்கென்று ஓர் ஓட்டை. டாடி நியூஸ் கேட்பது தவிர அதற்கு வேறு உத்தியோகம் இல்லை. ரகசியமாகச் சில மாதங்களாக அந்த ஓட்டையில் என் பேஸைச் செருகி வாசிப்பது உண்டு, டாடி டியூஷன் எடுக்கும் நேரங்களில்.

இன்று பேஸுக்குப் பதில் செங்கல்லைச் செருகினேன். இயர்போன் ஓட்டையிலிருந்து ஒயர். நேற்றைய கேஸட்.

தொம். தொம். தொம்தொம்.

இருக்கிறது! நான் டேப்பில் இருக்கிறேன்! செங்கல்லின் ஸ்பீக்கர் ரூபாய்க் காசு அளவு, அதிலிருந்து எப்படி வரும்? பெரிய பெட்டி, பெரிய ஸ்பீக்கர், ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. ஹாலில் இரண்டு சுற்று ஆடினேன். வி.அ.வை இங்கே இழுத்துவந்து உட்காரவைத்தால் போதும், வழக்கு முடிந்தது, தீர்ப்பு என் பக்கம்.

பியூலா தலைவாரிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது. விஷம்.

"அண்ணா, நீ எங்கயாச்சும் டிரெயின் பிடிக்கணுமா?"

"ஏன்?"

"மோகன் அண்ணா அடிக்கறதுக்கு முன்னாடியே நீ போயிடற. அவர் பின்னாடியே ஓடி வர்றாரு."

"உனக்கு என்ன தெரியும், பின்னலைப் பின்னு."

மறுபடி போட்டேன். மறுபடி. நாலாவது தடவை ரேடியோவை அணைத்துவிட்டேன்.

அவள் சொன்னது சரி. டிரம் விழுமுன் என் விரல் விழுந்துவிடுகிறது. அது போதாதென்று இடம் கிடைத்த இடமெல்லாம் குட்டிக் குட்டி அலங்காரம், ஆளில்லாத வீட்டில் பூனை மாதிரி. மேடையில் கேட்காததாலும் ஹால் பெட்டியில் கலங்கிக் கேட்டதாலும் எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. செவ்வாய் அன்று ஒயர் இல்லாமல் வாசித்தபோது வி.அ.வுக்கு ஏன் இதமாக இருந்தது என்று இப்போது புரிகிறது.

ஆக: பேஸ் கேட்கவில்லை என்றால் டாம்பரின். கேட்கிறது என்று நிரூபித்தாலும், இதைக் கேட்டபின், டாம்பரின். பிரமாதம்.

பியூலாவுக்கு வாயடைக்க இரண்டு தேன் மிட்டாய். மூன்று கேட்டாள்.

நவ. 12, திங்கள்

மேகமூட்டம். கெமிஸ்ட்ரி ரெக்கார்ட் இன்னும் எழுதவில்லை. லாபுக்கு வெளியே நின்றபடி மோகனிடம் எல்லாம் சொன்னேன். 

"மச்சான், எனக்கு முன்னாடியே தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ எதனா ஜோக் அடிப்ப. நான் சிரிப்பேன். அப்புறம் மறந்துடும்."

இதற்கும் ஒரு ஜோக் வந்தது. அடக்கினேன்.

"வூட்டுக்கு வா, மில்லுல ஒண்ணு காட்டறேன்" என்றான். மோகனின் அப்பாவுக்குச் சேலையூரில் மாவு மில். பேஸைத் தூக்கிக்கொண்டு போனேன். மோட்டாரிலிருந்து மிஷினுக்கு ஒரு பெரிய பட்டை ஓடும். பட்டையைத் தைத்து ஒட்டிய மூட்டு, சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் 'டப்' என்று ஒரு சத்தம். டப். டப். டப். நாள் முழுக்க ஒரே சீர். மோகன் டிரம் கற்றதே அதைக் கேட்டு, தொட்டிலில் படுத்த காலத்திலிருந்து.

"அந்த டப்பு மேல விரலை வையி. முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல. மேல."

மிஷின் சத்தத்தில் என் பேஸ் எனக்கே கேட்கவில்லை. பலகையின் மேல்முனையைப் பல்லால் கடித்துக்கொண்டால் கம்பியின் அதிர்வு மண்டைக்குள் வருகிறது. ஆகவே பல்லால் கடித்தபடி, கோதுமை மூட்டைமேல் உட்கார்ந்து, நாயும் எலும்பும் மாதிரி.

மோகனின் அப்பா எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா இது, உன் ஃபிரண்டு கட்டையைத் துன்றான்?"

"பிராக்டிஸ்பா."

"வூட்ல சோறு போடலயா?"

மாவு அரைக்க வந்த அக்கா ஒருத்தி டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "மொளகா அரைக்கப் போறாங்க, எந்திரிச்சிரு தம்பி." நான் கேட்கவில்லை. பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி தும்மினேன். தும்மும்போதும் விரல் டப்மேல் விழுந்தது என்று மோகன் சொல்கிறான். அதுதான் இன்றைய சாதனை.

வெள்ளை வெளேரென்று வீடு திரும்பினேன். மம்மி: "வேலைக்குச் சேந்துட்டியா?"

நவ. 14, புதன்

நேற்றும் இன்றும் மில். அலங்காரம் எல்லாவற்றையும் உதறிவிட்டேன். பாட்டு முழுக்க மொத்தமே சில சுரங்கள்தான். கையரிப்பு தாங்கவில்லை. இடைவெளி வரும்போது எதையாவது நுழைக்கலாமா என்று விரல் கெஞ்சுகிறது. நுழைத்தால் மோகன் மாவு உருண்டையை எறிகிறான். குறி தவறுவதில்லை.

சாயந்திரம் ஒரு கட்டத்தில் டப் சத்தம் காணாமல் போயிற்று. பட்டை அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. என் சுரம் அதன்மேல் சரியாக உட்கார்ந்ததால் இரண்டும் ஒன்றாகிவிட்டது. பல்லில் மட்டும் இனித்தது. மோகனைப் பார்த்தேன். அவன் மாவு உருண்டையைக் கீழே போட்டுவிட்டான்.

நவ. 15, வியாழன்

நல்ல மழை. சப்வேயில் தண்ணீர்.

இப்போது சாமான் பிரச்சனை. பாரிஷ் ஹால் பெட்டி ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்திருக்கிறது, பேஸ் வாசித்தால் பர்ர்ர். சனிக்கிழமைக்குச் சுத்தமாகக் குண்டு சத்தம் தரும் பெட்டி தாம்பரத்தில் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அதன்மேல் தாத்தா போட்டோ வைத்திருக்கிறது.

இரவுச் சாப்பாடு. எப்படி ஆரம்பிப்பது என்று ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தேன். டாடியே ஆரம்பித்தார். கணக்கு வாத்தியார், எதையும் தேற்றமாகத்தான் சொல்வார்.

"எட்வின், ஒரு கணக்கு. ரேடியோ மேல உங்க தாத்தா போட்டோ நடுவுல இருக்கும். நான் டியூஷன் முடிச்சு வரும்போதெல்லாம் ஓரத்துக்கு வந்திருக்கார். நடுவுல வைக்கிறேன், மறுநாள் மறுபடி ஓரம். அவர் எங்க கிளம்பறார்?"

பியூலா ரசத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அதிர்வு டாடி."

"எதனால அதிர்வு?"

"என்னால."

"எவ்வளவு நாளா?"

"தாத்தா நடக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து."

மம்மி சிரித்துவிட்டாள். அந்தச் சந்தில் எல்லாவற்றையும் கொட்டினேன்: ரெக்கார்டிங், டாம்பரின், பெட்டி. டாடி மோரை ஊற்றிப் பிசைந்து கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டு, கை கழுவி, துடைத்து, பிறகு சொன்னார்.

"ரேடியோ வெளிய போனா நானும் வருவேன். நியூஸுக்குள்ள ரெண்டு பேரும் வீட்ல இருக்கணும்."

நவ. 17, சனி

காலையில் தூறல். மத்தியானம் இல்லை. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், ஹாலுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மழை விழுந்தால் அது மட்டும்தான் பாடும்.

சைக்கிள் ரிக்ஷாவில் ரேடியோ, போர்வை சுற்றி, டாடி மடியில். நான் பேஸோடு பின்னால் நடை. "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று ரோஸி ஆன்ட்டி வாசலில் நின்று கேட்டார்.

ரெக்கார்டிங்காரர் ஒல்லி, கண்ணாடி, பேச்சுக் குறைவு. சூட்கேஸ் மாதிரி ஸ்பூல் ரெக்கார்டர், ஒரே மைக், காதில் பெரிய ஹெட்ஃபோன். எல்லோரும் வழக்கம்போல் மைக்கை மொய்த்தோம். நான் ரேடியோவை மைக்குக்கு நேராக, கிட்டே வைத்தேன். இன்று நான் கேட்டே ஆக வேண்டும்.

சும்மா கொஞ்சம் வாசிக்கச் சொன்னார். பத்து நொடியில் கை தூக்கினார்.

"அந்த ரேடியோவைத் தள்ளி வைங்க."

தள்ளினோம். மறுபடி கை. "இன்னும்." சுவர் வரைக்கும். மறுபடி கை. "கதவுக்கு வெளிய, வராண்டாவுல வைங்க. கதவு திறந்தே இருக்கட்டும். வாசிக்கறவரும் அங்கயே போயிடலாம்."

 ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்க்கவில்லை. மைக்கிலிருந்து ஒருவரை விலக்குவது எங்கள் ஊரில் கொயரிலிருந்து தள்ளிவைப்பதற்குச் சமம். நான் வராண்டாவுக்கு! வி.அ. முகத்தில் இரக்கம், அதற்கு அடியில் கொஞ்சம் நிம்மதி. பையிலிருந்து டாம்பரினை எடுத்தார்.

"சார், ஒரு டேக் இப்படி எடுங்க. இன்னொரு டேக் தம்பி டாம்பரினோட மைக் கிட்ட. எது நல்லா இருக்கோ அது."

"ஸ்பூல் இருக்கு, எடுக்கலாம்" என்றார் அவர்.

முதல் டேக். வராண்டாவில் நான், டாடி, ரேடியோ. மழை ஈரம், பண்டிகைக்கு அடுக்கிய வாழைத்தார் வாசனை இன்னும். இங்கிருந்து மோகன் தெரியவில்லை. சுவர். வி.அ. "ஒன், டூ" சொல்வது மட்டும் கேட்டது. டிரம் பலவீனமாக, தீப்பெட்டி மாதிரிதான். பேஸின் முனையைக் கடித்துக்கொண்டேன். டாடி ஒரு கணம் திடுக்கிட்டார், பிறகு ரேடியோவின் தலைமேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார், காய்ச்சல் பார்ப்பது போல.

மோகன் எங்கே அடிப்பான் என்று தெரியும். அங்கே வைத்தேன். அடுத்தது எங்கே என்று தெரியும். அங்கே. பாட்டின் நடுவில் ஒரு பெரிய இடைவெளி வந்தது, விரல் கெஞ்சியது, விடவில்லை.

முடிவதற்குள் மேலே ஏரோப்ளேன். டேக் போச்சு. "ரிப்பீட்" என்றார் ரெக்கார்டிங்காரர். மறுபடி. இந்தத் தடவை கடைசி வரைக்கும் போனது. ரயில்கூட ஊதாமல் இருந்தது.

இரண்டாவது, டாம்பரின். மைக்குக்கு மிகக் கிட்டே, வி.அ. தோளோடு தோள். ஜல் ஜல் ஜல். ஒழுங்காகவே அடித்தேன். ஏனோதானோ என்று அடித்து ஜெயிப்பதில் என்ன இருக்கிறது?

ரெக்கார்டிங்காரர் ஸ்பூலைத் திருப்பி ஓடவிட்டு, ஹெட்ஃபோனை வி.அ. தலையில் மாட்டிவிட்டு, டீ குடிக்கப் போனார். நாங்கள் மூவரும் வி.அ.வின் முகத்தைப் படித்தோம். முதல் டேக்: புருவம் ஏறியது. காலால் தாளம். இரண்டாவது: புருவம் இறங்கியது. கால் நின்றது. முதலாவதை மறுபடி போட்டார்.

கழற்றினார்.

"மோகன், முதல் டேக்ல என்ன அடிடா அது! நெஞ்சுல வந்து குத்துது. ரெண்டாவதுல ஏன் சோம்பேறியா அடிச்சே?"

மோகன் குச்சியைக் காதில் சொருகிக்கொண்டிருந்தான்.

"ரெண்டுலயும் ஒரே அடிதாண்ணா."

"போடா. முதல்ல 'தொம் தொம்'னு வருது. ரெண்டாவதுல 'டொக்கு டொக்கு'னு இருக்கு. டிரம்முல ஏதாவது மாத்துனியா?"

நான் வாயைத் திறக்கவில்லை. இதை இங்கே எழுதிவைக்கிறேன், மம்மியே நம்பமாட்டாள். மோகன் பாராட்டை வாங்கிக்கொள்ளலாம், வாங்கிக்கொண்டால் டாம்பரின் எனக்கு. வராண்டாவில் டாடி போர்வையை மடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

மோகன் எழுந்து டிரம்முக்குப் போனான். பெடலை ஒரு தடவை மிதித்தான்.

தொப்.

ஈரத் தலையணை மாதிரி.

"என்னுது இவ்ளோதாண்ணா. அந்த 'தொம்' வெளிய கீது" என்று கதவைக் காட்டினான்.

வி.அ. கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முதல் டேக்கை ஆரம்பத்திலிருந்து போட்டார். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு, பாட்டு முழுக்க.

டீ முடிந்து ரெக்கார்டிங்காரர் வந்தார். "எது?"

"முதல்" என்றார் வி.அ. பிறகு, "சார், இவனை ஏன் வெளிய அனுப்புனீங்க?"

"ஒரே மைக்குங்க. யார் சத்தம் நல்லா நிறைஞ்சு வருதோ அவங்க தூரம் போகணும். கிட்ட வச்சிருந்தா உங்களை எல்லாம் முழுங்கியிருக்கும்."

மைக்கை ஒட்டி நின்றிருந்த வி.அ.வும் ஸ்டெல்லா அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆ, அந்த முகங்கள்! சொல்வதற்கு ஏழெட்டு வாக்கியம் வரிசையில் நின்றது. எல்லாவற்றையும் வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் அங்கேயே அவிழ்த்துவிட்டேன்: "அண்ணா, அடுத்த தடவை நான் ரொம்ப முன்னேறினா செங்கல்பட்டுலேருந்து வாசிக்கிறேன்."

வி.அ. டாம்பரினை என் மேல் எறிந்தார். ஸ்டெல்லா அக்கா பிடித்தாள். அவளே வைத்துக்கொள்ளட்டும்.

நியூஸுக்கு முன் வீடு. டாடி ரேடியோவைத் துடைத்து, செருகி, சூடாக விட்டு, ஸ்டேஷனைத் திருப்பினார். நியூஸ்காரர் குரலைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இவருக்குக் கொஞ்சம் குண்டு சத்தம் கம்மி."

நவ. 18, ஞாயிறு

மறுபடி மழை. குடை மறந்து, நனைந்து, ஆராதனைக்கு லேட். கெமிஸ்ட்ரி ரெக்கார்ட் நாளை வைக்க வேண்டும், இன்னும் முதல் பக்கம்.

மத்தியானம் பிராக்டிஸ். வி.அ. பேசாமல் சாமான்களை மாற்றிவைத்துக்கொண்டிருந்தார். பாட்டு நோட்டு வைக்கும் என் ஸ்டாண்டை எடுத்து, டிரம்முக்குப் பக்கத்தில், மோகனின் வலது கைக்கு அருகே வைத்தார்.

"இனிமே இங்க நில்லு. இவன் காலைப் பாத்துக்கிட்டே வாசி."

"மைக் கிட்ட இல்லையாண்ணா?"

"உனக்கெதுக்குடா மைக்?"

இதைவிட நல்ல வார்த்தை அவர் என்னிடம் சொன்னதில்லை. ஒழுங்காக நின்று வாசித்தேன். இடம் ரொம்ப நெருக்கடி. மோகன் கையை ஓங்கினால் என் தோளில் இடிக்கிறது, பெரிய சிம்பல், அந்தப் பித்தளைத் தட்டு, நேரே என் காதுக்கு. இரண்டு பாட்டு முடிந்தபோது மோகன், "தள்ளி நிக்கிறியா மச்சான்?" என்றான். மாட்டேன் என்றேன்.

மம்மி சாப்பிடக் கூப்பிடுகிறாளாம், பியூலா வந்து தோளைத் தட்டிச் சொல்கிறாள். காதில் இன்னும் சிம்பல்.